போர்வையின் முதுகுப் பக்கம்

நடுவராக வர முடியுமா என்று என்னைக் கேட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன போட்டி, எங்கே, எப்போது, ஒன்றும் விசாரிக்கவில்லை. போனில் ஒரு பெண் குரல், "டீச்சர், உங்க ஒத்தாசை வேணும்" என்றது. எனக்கு அது போதும். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசியவர்கள் என்று பார்த்தால் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரும், பெங்களூரில் இருக்கும் என் மகளும்தான். மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள், அதுவும் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே. "இன்னும் ஒரு வாய்" என்று அவள் சொல்வது எனக்கா குழந்தைக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் கட் ஆகிவிடும்.

நான் ஜமுனாமரத்தூர் பக்கம் உறைவிடப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். வீட்டுக்காரர் போனபிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். ரிட்டயர் ஆனதும் எல்லோரும் கீழே வா, கீழே வா என்றார்கள். கண்ணமங்கலத்தில் அப்பா கட்டின வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது. எனக்கென்று ஓர் அறை உண்டு என்று தம்பி சொன்னான். போய்ப் பார்த்தேன். அந்த அறையில் அவன் பெண்டாட்டி கிரைண்டர் வைத்திருந்தாள். கிரைண்டரை எடுக்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கிரைண்டருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிற ஆள் நானில்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே மலைக்குத் திரும்பிவிட்டேன். ரோஷம் ஜாஸ்தி எனக்கு. ரோஷத்துக்குத் துணையாக யாரும் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். சாமை விதைப்பாள், ஆடு வைத்திருந்தாள், வீட்டுக்குப் பின்னால் நாலு புளியமரம். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை. பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் வருவான், மற்ற நாளெல்லாம் போன்தான். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் ஆடுகளைக் கட்டியதும் அவள் அடுப்பில் வெல்லக் காப்பி வைப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு வாசனை வரும். வந்ததும், "டீச்சரக்கா, வந்து குந்துங்க" என்று குரல் வரும். புழக்கடையில் கவிழ்த்துப் போட்ட உரல் ஒன்று என்னுடைய இடம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். எந்த ஆடு சினையாக இருக்கிறது, மலை பஸ் இன்றைக்கும் பாதியில் நின்றுவிட்டதா, அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு டம்ளர் காப்பிக்காகத்தான் நான் காலையில் எழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவள் பழைய புடவை ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். பள்ளிக்குக் கட்டின பாட்டில் பச்சை நூல் புடவையைக் கொடுத்தேன். வகுப்பில் பெஞ்சு ஆணி மாட்டிக் கிழிந்த புடவை அது. கிழிந்தது கிழிந்தது, பாடமாகவாவது ஆகட்டும் என்று பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து அங்கேயே டார்னிங் போட்டுக் காட்டினேன். இழைக்கு இழை வாங்கி, கிழிசல் இருந்த இடமே தெரியாதபடி. என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே நல்ல டார்னிங் அதுதான். கொடுக்கும்போது அதை அவளிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

நடுவராக வரச் சொல்லிப் போனில் பேசிய பெண்ணுக்கு ஊர் வாணியம்பாடி. அவர்கள் குடும்பம் தோல் வியாபாரம். அவள் மட்டும் துணி, தையல் என்று போய், மலைமேலும் அடிவாரத்திலும் தைக்கிற பெண்களைச் சேர்த்து ஒரு சின்னக் குழு நடத்திக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால், ஒட்டுப்போர்வைப் போட்டி. மலையில் மார்கழிக் குளிருக்குப் பழைய புடவைகளை மூன்று நாலு அடுக்காகப் போட்டு, மேலே துண்டுத் துணிகளை வைத்து, நெடுக ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அது உண்டு. அதற்குப் போட்டி வைத்தால் தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். அவளும், ஒடுகத்தூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரும் பல வருஷமாக நடுவர்கள். மூன்றாவதாக மலையிலிருந்து ஒருவர் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். வயதில் அவள் எனக்குத் தங்கை மாதிரி. ஆனால் கற்றுக்கொடுத்தது அவள், கற்றுக்கொண்டது நான்.

புரட்டாசியில் தொடங்கி மலை இறங்கி, ஆலங்காயத்தில் பஸ் மாறி, வாணியம்பாடிக்கு அவள் வீட்டுக்குப் போவேன். மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. போன வருஷங்களில் வந்த போர்வைகளில் சிலதை விலைக்கு வாங்கி, நடுவர்கள் பார்த்துப் பழகுவதற்காக வைத்திருந்தாள். முதல் நாள் ஒரு போர்வையைப் பிரித்துப் போட்டு, பாருங்க டீச்சர் என்றாள். கேட்கணுமா? முப்பது வருஷம் பிள்ளைகளின் தையலைத் திருத்தின கை. இங்கே முடிச்சு தெரிகிறது, இங்கே தையல் கோணல், இந்த மூலை மடங்கவில்லை, இந்த நூல் சாயம் போகும் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மெத்தைக்கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அவள் கேட்டாள்:

"எல்லாம் சரி டீச்சர். போர்வை எப்படி இருக்கு?"

போர்வையை நான் பார்க்கவே இல்லை. தப்புகளைத்தான் பார்த்திருந்தேன்.

"நீங்க மார்க் போடுறீங்க" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வயதில் எனக்கு ஒருத்தி பாடம் எடுப்பதா என்று பையைத் தூக்கப் போனேன். மாடிப்படிவரை போய், அங்கே நின்று, மலையில் அந்தச் சாயங்காலம் செய்ய என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த போர்வையைப் பிரித்தாள்.

அவளுடைய அப்பா டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவராக இருந்தவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் போர்வைக்குக் கொண்டுவந்திருந்தாள். தோலை அவர் முதலில் உள்பக்கம்தான் திருப்பிப் பார்ப்பாராம். அதனால் இவளும் எந்தப் போர்வையையும் மூஞ்சி பார்த்துத் தொடங்க மாட்டாள். குப்புறப் போடச் சொல்வாள்.

"மொகத்துக்குப் பாலிஷ் போட்டு ஷோக்கா ஆக்கிடலாம் டீச்சர். முதுகுக்கு ஒண்ணும் போட முடியாது."

முதுகில் தையல் ஒரே சீராக விழுந்திருக்கிறதா, நூல் முடிகிற இடத்தை அவசரமாக அறுத்தாளா நிதானமாகப் பூட்டினாளா, எங்கே அலுத்துப்போனாள், எங்கே மறுபடி ஆசை வந்து உட்கார்ந்தாள், எல்லாம் தெரியும் என்பாள். முதலில் நான் நம்பவில்லை. போகப்போக எனக்கே தெரிய ஆரம்பித்தது. ஒரு போர்வையின் நடுவில் ஒரு சாண் தூரம் தையல் பெரிது பெரிதாக ஓடியிருந்தது, பிறகு சரியாகிவிட்டது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போயிருக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அன்றைக்கு மலை ஏறுகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து சீட்டில் புளி மூட்டைதான் இருந்தது.

மெத்தைக்கடைக்காரர் வேறு வழி. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைப் போர்வையின் மேல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நகர்த்துவார். அடுக்கு எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். "இங்க பள்ளம்" என்பார். அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல போர்வை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது கண்ணை மூடுவது. சொல்லும்போது எளிது, செய்து பார்த்தால் பேஜார். கை துணியில் இருக்கும், மனசு மலையில் கொடியில் காயப்போட்டதை எடுத்தோமா என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியாகத் தீர்ப்புச் சொல்லும் விதம். ஜெயிக்காத போர்வைக்கும் நடுவர் மூன்று வாக்கியம் சொல்லியாக வேண்டும், தைத்தவள் காதில் விழும்படி. முதலில் கை நன்றாக ஓடின இடம். இரண்டாவது, கண் இடறுகிற இடம். மூன்றாவது, அடுத்த தடவை இதைச் செய்து பார் என்று ஒன்று. மூன்றாவது இல்லாமல் எந்தப் போர்வையையும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பாள். அடுத்த தடவை என்ற வார்த்தை காதில் விழாவிட்டால் அந்தப் பொம்பளை ஊசியை எடுக்க மாட்டாளாம்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கடைசி இரண்டு கட்டுப்பாட்டையும் சொன்னாள். யார் கை என்று தெரிந்துவிட்டால் அந்த நிமிஷமே எழுந்து சொல்லிவிட வேண்டும். தைத்தவர் யார் என்று மட்டும் தெரிந்தால் அந்தப் போர்வைக்கு மற்ற இருவரும் தீர்ப்புச் சொல்வார்கள். போர்வையில் நடுவருடைய சொந்தத் துணியே இருந்தால் அது போட்டியிலேயே இல்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது ஒன்று. இன்னொன்று, போட்டிக்குப் பேர் கொடுக்கிற நாளிலிருந்து முடிவு சொல்கிற நாள்வரை, தைக்கிறவள் இருக்கிற எந்த வீட்டிலும் நடுவர் ஒன்றும் வாங்கிக் குடிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. அவளுடைய அப்பா தோல் தரம் பிரிக்கப் போகும் இடத்தில் டீகூடத் தொட மாட்டாராம். டீயைக் குடித்த வாயால் உன் சரக்கு மட்டம் என்று எப்படிச் சொல்வது? இவள் தன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிடாமல் வந்தவள். நாத்தனார் அந்த வருஷம் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் பேச்சு வார்த்தை இல்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மலையில் எந்த வீட்டில் தைக்காத பெண் இருக்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி கழிந்து பேர் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் கொடுத்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கம்போலக் குரல் வந்தது. நான் போய் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காப்பி குடித்தால் என் போர்வை அழகாகிவிடுமா என்றாள். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்றேன், டீச்சர் குரலில். அவள் கையில் டம்ளர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"தண்ணி கூடவா டீச்சரக்கா?"

தண்ணீர்கூடத்தான் என்றேன். அவள் டம்ளரைத் திண்டின் மேல் வைத்தாள். எங்கள் மலையில் வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். இவள் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். புரிந்துகொண்டாள், ஆனால் புரிவதால் வருத்தம் போய்விடுமா?

குடிக்கத்தான் கூடாது, உட்காரலாமே என்று நீங்கள் கேட்கலாம். முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவள் காப்பியை வைத்துக்கொண்டு என் எதிரில் குடிக்க மாட்டாமல் இருந்தாள். அது ஆறிப்போனது. இரண்டு பேரும் ஆறின காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாளிலிருந்து நான் போவதை விட்டேன். அவளும் சாயங்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் மணி என்ன என்று எனக்குத் தெரியும். வெல்ல வாசனை மட்டும் வரும்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்கும். குக்கர் விசில் அடித்தால், இரு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்வேன். பழகின கை சும்மா இருக்காமல் வீட்டில் இருக்கிற எல்லாத் துணியையும் திருப்பிப் போட்டு முதுகு பார்ப்பேன். கொடித்துணி, தலையணை உறை, என் ஜாக்கெட். மகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நல்லதும்மா, பொழுது போகும் என்றாள். பொழுதைப் பற்றி நான் பேசவே இல்லை. அதைச் சொல்வதற்குள் குழந்தை துப்பிவிட்டது.

வழியில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். பள்ளியில் கொடுத்த கம்பளி அரிக்கிறது, போர்த்தினாலும் குளிருகிறது, போர்த்தாவிட்டாலும் குளிருகிறது என்று நான் புலம்புவேன். ஒருநாள் அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டே, "ஒரு சேதி சொல்லணும் டீச்சரக்கா, வந்து குந்துங்களேன்" என்றாள். இங்கேயே சொல்லேன் என்றேன்.

"நின்னுகினு சொல்ற சேதி இல்ல."

போட்டி முடியட்டும், எல்லாம் உட்கார்ந்து பேசலாம் என்றேன். சரி என்று ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். மறுபடி ஒரு தடவை கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். இன்னா பெரிய சேதி, அந்தக் கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. ஊராட்சிக் கூடத்தை வாங்கியிருந்தார்கள். தைத்த பெண்களெல்லாம் வெளியே மரத்தடியில். உள்ளே நாங்கள் மூன்று பேரும், போர்வையைப் பிடித்துக்காட்ட வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு காலேஜ் பெண்களும். போர்வைகளில் பேர் கிடையாது. ஒவ்வொன்றாகக் குப்புறப் பிரிப்பார்கள். பார்த்து, தொட்டு, திருப்பி, பேசி, மடித்து வைப்போம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் எனக்கே புதிதாக இருந்தன. வாணியம்பாடிக்காரி என்னைத் திருத்தவில்லை. ஒரு போர்வைக்கு நான் சொன்ன மூன்று வாக்கியத்தையும் அவள் அப்படியே எழுதச் சொன்னாள். வீட்டுக்காரர் போனபிறகு யாரும் என்னை அப்படி மதித்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்ததைப் பிரித்தார்கள். பச்சை. முதுகு முழுக்க ஒரே துணி, பாட்டில் பச்சை, வெளுத்த பச்சை. எனக்கு முதலில் துணி தெரியவில்லை. தையல்தான் தெரிந்தது. அவ்வளவு சீரான ஓட்டம். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஓர் இடத்தில்கூட அலுத்துப்போகாத கை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நகர்த்தினார், முழு நீளத்துக்கும். ஒன்றும் சொல்லவில்லை. நான் குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். இடது பக்கம், இடுப்பு வரும் உயரத்தில், இழைக்கு இழை வாங்கின ஒரு சின்னச் சதுரம். என் டார்னிங்.

சதுரம் போர்வையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளாதபடி துணியை நகர்த்தி வெட்டியிருந்தாள். ஓட்டுத்தையல்கூட அதன் மேல் ஏறாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. திருப்பச் சொன்னார்கள். மூஞ்சிப் பக்கம் பழுப்பும் மஞ்சளும், நடுவில் புளியம்பூ நிறத்தில் துண்டுகள். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல போர்வை அதுதான். மற்ற இருவர் முகத்திலும் அது எழுதியிருந்தது.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒரு பழைய பச்சைப் புடவை யாருடையது என்று யாருக்குத் தெரியும்? அவள் ஜெயித்திருப்பாள். கைதட்டியிருப்பார்கள். சாயங்காலம் நான் உரலில் போய் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் ஒரு கணத்தில் மனசில் ஓடியது. ஆனால் இப்போது சும்மா இருந்தால், அவள் நீட்டின தண்ணீரை நான் எதற்காக வேண்டாம் என்றேன்? அந்த இரண்டு மாதம் எதற்கு? எழுந்து நின்றேன்.

"இது என் புடவை" என்றேன். "இந்த டார்னிங் நான் போட்டது."

வாணியம்பாடிக்காரி ரொம்ப நேரம் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அது முறையில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது என்று மட்டும் மெல்லச் சொன்னாள். தெரியும் என்றேன். பெரியவர் அந்தப் போர்வையைப் பெண்கள் கையிலிருந்து வாங்கி, தானே மடித்து, தனியாக ஒரு நாற்காலியில் வைத்தார். வைத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்கச் சற்று நேரம் ஆனது.

பிறகு மைக்கில் முடிவு சொன்னார்கள். ஒவ்வொருத்தியாக வந்து மூன்று வாக்கியம் கேட்டுக்கொண்டு போர்வையை வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது ஒரு காலேஜ் பெண் போர்வையை நீட்டினாள், அவ்வளவுதான். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்வார்கள் என்று நின்றாள். பின்னால் இருந்தவள் தள்ளியதும் என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

மறுநாள் சாயங்காலம் கட்டுப்பாடு எதுவும் இல்லை. குரல் வரவில்லை. நானே போனேன். அவள் புழக்கடையில்தான் இருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபப்படட்டும், திட்டட்டும், திட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டுமே என்று உரலில் உட்கார்ந்துகொண்டேன். புடவையைப் பற்றியும் கட்டுப்பாட்டைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க புடவைன்னு யாருக்கும் தெரிய வேணாம்னுதான் முதுகுல வச்சேன். முதுக போயி யாரு பாப்பாங்க?" என்றாள்.

நான் பார்ப்பேன் என்று எப்படிச் சொல்வது? அதைத்தானே பஸ் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டேன். என் புடவையை எதற்கடி வைத்தாய் என்றேன். உங்களுக்குத்தான் தைத்தேன், உங்கள் துணியென்றால் உடம்பில் அரிக்காது என்றாள். போட்டிக்கு ஏன் கொடுத்தாய்? தைத்ததை நீங்கள் நாலு பேர் முன்னால் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டுவிட்டு, அப்புறம் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றாள். அவள் உள்ளே போய்ப் போர்வையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் மூணு சொன்னீங்க. எனக்கும் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையைக் குப்புறப் போட்டேன். கண்ணை மூடி உள்ளங்கையை நகர்த்தினேன். நடுவராகவே சொன்னேன், சலுகை காட்டவில்லை. கை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மாதிரி ஓடியிருக்கிறது, இப்படி நான் பார்த்ததில்லை என்றேன். மூஞ்சியில் நாலு மூலையும் ஒரே பழுப்பு, கண் அங்கே இடறுகிறது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த தடவை மூலைக்கு வேறு நிறம் போட்டுப் பார் என்றேன்.

அவள் வேலியைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை எங்க டீச்சரக்கா. பொங்கல் முடிஞ்சதும் நானும் அவரு கூடவே போறேன். அங்க வூடு குடுத்துட்டாங்க. இனிமே அங்கதான்."

அதுதான் அந்தச் சேதி. நின்றுகொண்டு சொல்ல முடியாத சேதி. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். சுவரோரம் சாக்கில் பாத்திரங்கள் கட்டியிருந்தன. கட்டுத்தறியில் ஆடு ஒன்றும் இல்லை, ஆடுகளை விற்றிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை மலை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, போர்த்திக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். போர்த்திக்கொள்கிறேன் என்றேன். பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றேன். அவள் போட்டுவிட்டுப் போன உரலை நான் என் பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. அது அங்கேயே கிடக்கிறது.

அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. முதலில் எப்போதாவது போன் செய்வாள். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை, இங்கேயும் கிடைப்பதில்லை. நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. வாணியம்பாடிக்காரியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நாத்தனாரை நினைத்திருப்பாள். போர்வையை நான் முதுகுப் பக்கம் உடம்பில் படும்படிதான் போர்த்துகிறேன். டார்னிங் இருக்கிற இடம் கைக்குத் தெரியும். கதகதப்பாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

இப்போதும் நான் நடுவர்தான். இந்த வருஷமும் தீபாவளி கழிந்து பேர் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வீட்டிலும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடி என்று யாரும் கேட்கவும் இல்லை.